ஐந்து வினாடிக்கு ஒரு முறை

நாத்தனாரை அந்த வேலையில் சேர்த்துவிட்டதே அண்ணிதான். எல்லாரும் அதை மறந்துவிட்டார்கள். அண்ணியின் வயிற்றில் முதல் கங்கு விழுந்தது அங்கேதான்.

தையல் கடைக்கு மேல் மாடியில், ஆறு பேர் முழங்கை இடித்துக்கொண்டு உட்கார்ந்து வேலை செய்யும் சின்ன மென்பொருள் நிறுவனம் அது. முதியோர் இல்லங்களுக்கு அழைப்பு மணி புரோகிராம் செய்து கொடுப்பது அவர்கள் தொழில். எழுந்து நடமாட முடியாதவர்கள் கட்டிலோரத்துப் பொத்தானை அழுத்தினால், நர்ஸ் தள்ளிக்கொண்டு போகும் வண்டியில் இருக்கிற லேப்டாப்பில் கட்டில் எண் மின்னி மணி அடிக்கும்.

அண்ணி அங்கே பதினோரு வருடமாக ‘மேடம்’. நாத்தனார் வந்த முதல் நாளே, “அண்ணீ, குடிக்கிற தண்ணி எங்க இருக்கு?” என்று மாடி முழுக்கக் கேட்கும்படி கத்தினாள். மறுநாள் பக்கத்து மேஜைக்காரர் தயங்கித் தயங்கி ‘அண்ணி’ என்றார். ஒரு மாதத்தில், அவளைவிடப் பதினைந்து வயது மூத்த முதலாளியே, “அண்ணி, அந்த ஃபைல அனுப்புங்க” என்றார். பதினோரு வருட மேடம் முப்பது நாளில் கரைந்து போனாள்.

நாத்தனாருக்கு வீட்டில் வைத்த செல்லப் பெயர் சிட்டு. அதுவும் மாடிப்படி ஏறி அலுவலகத்துக்கு வந்துவிட்டது. சிட்டு என்று கூப்பிடும்போது எல்லார் குரலிலும் ஒரு சிரிப்பு இருந்தது. அண்ணி என்று கூப்பிடும்போது மரியாதை இருந்தது. அண்ணிக்கு அந்தச் சிரிப்புதான் வேண்டியிருந்தது.

ஒரு திங்கட்கிழமை முதலாளி எல்லாரையும் தன் மேஜையைச் சுற்றி உட்காரவைத்தார்.

“அந்தப் பெரிய இல்லத்திலேர்ந்து தலைமை நர்ஸ் ஃபோன் பண்ணினாங்க. கேபிளப் பிடுங்கிட்டு வண்டியத் தள்ளினா, மணி வர்றதுக்கு நேரமாகுதாம், அப்பப்ப வர்றதே இல்லையாம். லேப்டாப் வேற இஸ்திரிப் பெட்டி மாதிரி சுடுதாம். ஏதாவது பண்ணுங்கன்னாங்க. ‘ஏதாவது’ன்னு அவங்க சொன்னா, இல்லேன்னா வேற ஆளப் பாத்துக்கறேன்னு அர்த்தம்.”

விஷயம் இதுதான். நர்ஸின் மேஜையில் இருக்கும்வரை லேப்டாப் கேபிள் வழியாக இணைந்திருக்கும். வண்டியைத் தள்ளிக்கொண்டு கிளம்பும்போது கேபிளைப் பிடுங்கிவிடுவார்கள். அப்புறம் வைஃபைதான் வழி. வழி மாறியதைப் புரோகிராம் உடனே தெரிந்துகொண்டு, பழைய தொடர்பைக் கைவிட்டுப் புதிதாக இணைய வேண்டும். ஆனால் இல்லங்களில் இருக்கும் லேப்டாப்கள் யார் யாரோ நன்கொடையாகக் கொடுத்தவை. மொத்தம் மூன்று வகை. மூன்றுக்கும் மூன்று குணம். எதில் போட்டாலும் ஓடுகிற மாதிரி எழுத வேண்டும்.

அதற்கு எட்டு வருடங்களுக்கு முன் அண்ணி ஒரு வழி செய்திருந்தாள். ஐந்து வினாடிக்கு ஒரு முறை புரோகிராம் இயந்திரத்தைக் கேட்கும்: இப்போது உன்னிடம் என்னென்ன வழிகள் இருக்கின்றன? வந்த பட்டியலைப் போன முறை வந்த பட்டியலோடு ஒப்பிடும். வேறாக இருந்தால் வழி மாறிவிட்டது என்று அர்த்தம். அப்படியே இருந்தால் ஐந்து வினாடி பொறுத்து மறுபடி கேட்கும். எட்டு வருடமாக நூற்றுக்கணக்கான லேப்டாப்களுக்குள் அண்ணியின் அந்த ஒரே கேள்வி ஓயாமல் ஓடிக்கொண்டிருந்தது. அவளுக்கு அதில் உள்ளூரப் பெருமை உண்டு.

“ஏன் சார் கேட்டுக்கிட்டே இருக்கணும்?” என்றாள் சிட்டு. “மாறினா அதுவே சொல்லும். மூணு வகை மெஷின்லயும் அதுக்கு வசதி இருக்கு. ‘மாறினா என்னை எழுப்பு’ன்னு சொல்லிட்டு நம்ம புரோகிராம் நிம்மதியா தூங்கலாம். இப்போ பண்றது, விருந்தாளி வந்தாச்சான்னு ஐஞ்சு வினாடிக்கு ஒரு தடவ எழுந்து போய் கதவத் திறந்து பாக்கற மாதிரி. காலிங் பெல் எதுக்கு இருக்கு?”

மணி செய்கிற கம்பெனியில் அந்தப் பேச்சுக்குக் கூடுதல் சிரிப்பு கிடைத்தது. அண்ணியும் சிரித்தாள். சிரித்து முடித்தபோது கன்னம் வலித்தது.

அன்று சாயங்காலமே சிட்டு நாற்காலியை உருட்டிக்கொண்டு அண்ணியின் மேஜைக்கு வந்தாள். “அண்ணி, நீங்க ஏன் கேக்கற மாதிரி வச்சீங்க? ஏதாவது காரணம் இருக்கா? நீங்க காரணம் இல்லாம எதையும் பண்ண மாட்டீங்களே.”

காரணம் இருந்தது. எட்டு வருடத்துப் பழைய சங்கதி, மங்கலாக எழுந்து வந்தது. ஒரு நிமிடம் கண்ணை மூடி யோசித்திருந்தால் முழுசாகவே வந்திருக்கும். ஆனால் காலிங் பெல் சிரிப்பு இன்னும் காதைவிட்டுப் போகவில்லை.

“அப்போ எனக்கு அவ்வளவுதான் தெரிஞ்சுது. நீ புதுசா படிச்சவ. நீ பண்ணு.”

சிட்டு அதை அப்படியே நம்பிவிட்டாள். நம்புகிறவளிடம் பொய் சொல்வது எவ்வளவு சுலபமாக இருக்கிறது என்று அண்ணிக்கே ஆச்சரியமாக இருந்தது.

மூன்று வாரம் ஆனது. அந்த மூன்று வாரமும் அண்ணி, தன் புரோகிராமைப் போலவே ஆகிவிட்டாள். கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் முதலாளியின் மேஜை. அண்ணி தலையைத் தூக்கிப் பார்ப்பாள்: சிட்டு அங்கே இருக்கிறாளா? இல்லை. குனிந்து வேலை செய்வாள். மறுபடி தூக்குவாள்: இருக்கிறாள். முதலாளி சிரிக்கிறார். இதற்கு முன்னால் பார்த்தபோது சிரிக்கவில்லையே? அப்படி என்ன சொன்னாள்? முதலாளி தன் பிஸ்கட் பாக்கெட்டைச் சிட்டுவின் பக்கம் நகர்த்தினார். பதினோரு வருடத்தில் அந்தப் பாக்கெட் அண்ணியின் பக்கம் எத்தனை முறை நகர்ந்தது? அவள் விரல்விட்டு எண்ணிப் பார்த்தாள். ஒரு கை போதுமானதாக இருந்தது.

பொறாமைக்கு ஒரு குணம் உண்டு. அது எதையும் ஒழுங்காகப் பார்க்கவும் விடாது, பார்க்காமல் இருக்கவும் விடாது.

புதிய புரோகிராமைக் காட்டும் நாள் வந்தது. சிட்டு லேப்டாப்பை மேஜையில் வைத்து, “பாத்துக்கிட்டே இருங்க” என்று சொல்லிக் கேபிளைப் பிடுங்கினாள். பிடுங்கிய கை கீழே இறங்குவதற்குள் திரையில், தொடர்பு இருப்பதைக் காட்டும் பச்சைப் புள்ளி ஒரு தடவை அணைந்து எரிந்தது. வைஃபைக்கு மாறிவிட்டது. மறுபடி செருகினாள், மாறியது. பிடுங்கினாள், மாறியது. பக்கத்து மேஜைக்காரர் வாய்விட்டு, “அட!” என்றார். எல்லாரும் கைதட்டினார்கள். அண்ணியும் தட்டினாள். மற்றவர்களைவிட ஒரு நொடி தாமதமாக ஆரம்பித்து ஒரு நொடி முன்னதாக நிறுத்தினாள். யாரும் கவனிக்கவில்லை. கவனிக்கவில்லையே என்பதும் சேர்ந்து உறுத்தியது.

வீட்டிலாவது நிம்மதி உண்டா என்றால், அங்கேயும் அதே பாட்டுத்தான். அண்ணியின் கணவர் செயற்கைப் பல் செட் செய்பவர். கூடத்தின் ஓரத்தில் அவருடைய வேலை மேஜை. அதன்மேல் ஊர்ப்பட்ட பேருடைய பல் அச்சுகள் வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருக்கும். சிட்டு மேல் அறையில்தான் குடியிருந்தாள். அன்று அவள் வீட்டுக்குள் நுழைந்ததுமே அண்ணன்காரருக்கு விஷயம் தெரிந்துவிட்டது.

“என் தங்கச்சி பொறந்தப்பவே கண்ண உருட்டி உருட்டி முழிச்சா. அப்பவே நெனச்சேன்” என்றார், ஒரு கடைவாய்ப் பல்லைத் தேய்த்துக்கொண்டே.

“பொறந்த குழந்தை எல்லாம் கண்ணத்தான் உருட்டும்” என்றாள் அண்ணி.

“இவ உருட்டினது வேற.”

“என்ன வேற? வட்டமா உருட்டாம சதுரமா உருட்டினாளா?”

அவர் சிரித்தார். சிரித்துவிட்டு மனைவியின் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். “ஏம்மா, பல்லக் கடிக்காத. தேஞ்சுதுன்னா நான்தான் உக்காந்து செஞ்சு தரணும்.”

அவர் நல்ல மனிதர். அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அண்ணி அழுதிருப்பாள்.

மறுநாள் எல்லாரும் சாப்பிடப் போன நேரத்தில் அண்ணி புதிய புரோகிராமைத் தன் மேஜையில் இருந்த மூன்றாம் வகை லேப்டாப்பில் போட்டாள். சோதித்துப் பார்ப்பதாகத்தான் தன்னிடமே சொல்லிக்கொண்டாள். உண்மையில் குற்றம் தேடத்தான் உட்கார்ந்தாள். கேபிளைப் பிடுங்கினாள், மாறியது. வைஃபையை அணைத்துப் போட்டாள், மாறியது. பத்து முறை, இருபது முறை. ஒரு பிசகும் இல்லை. சலித்துப்போய் லேப்டாப்பை டப்பென்று மூடினாள். மூடியபடியே கேபிளை உருவினாள். பிறகு எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து திறந்தாள்.

பச்சைப் புள்ளி எரிந்துகொண்டிருந்தது. அணைந்து எரியவில்லை. சும்மா எரிந்துகொண்டிருந்தது. அண்ணி சோதனைப் பொத்தானை அழுத்தினாள். மணி வரவில்லை. இன்னொரு முறை அழுத்தினாள். வரவில்லை.

எட்டு வருடத்து மங்கல் சட்டென்று விலகியது. அந்த வகை இயந்திரம் மூடித் தூங்கும்போது நடந்த மாற்றத்தை, விழித்த பிறகு யாரிடமும் சொல்வதில்லை. சொல்லும் என்று நம்பிக் காத்திருக்கும் புரோகிராம், இல்லாத கேபிளைப் பிடித்துக்கொண்டு, எல்லாம் சரியாக இருக்கிறது என்று பச்சை காட்டிக்கொண்டே நிற்கும். அதனால்தான் அண்ணி அன்று காத்திருப்பதை விட்டுவிட்டுக் கேட்கிற வழிக்கு வந்தாள். அப்போது ஒரு வாரம் முழுக்க நர்ஸ்களின் பின்னாலேயே நடந்து கற்றுக்கொண்ட பாடம் அது. அதை அவள் எங்கும் எழுதி வைக்கவில்லை. எழுதி வைத்தால் எல்லாருக்கும் தெரிந்துவிடும். தெரியாமல் இருந்தால் எல்லாரும் தன்னிடம் வந்து கேட்பார்கள் என்ற சின்ன ஆசை. ஒருத்தி வந்து கேட்டாள். அவளிடமும் சொல்லவில்லை.

சொல்ல வேண்டியது இப்போது இரண்டே வார்த்தை. சிட்டு சாப்பிட்டுவிட்டு, பக்கத்து மேஜைக்காரர் சொன்ன எதற்கோ சிரித்துக்கொண்டே படியேறி வந்தாள். அண்ணி லேப்டாப்பை மூடி அலமாரியில் வைத்தாள்.

புதன்கிழமை முதலாளி வந்து நின்றார். “நாளைக்கு இல்லத்துல போட்டுக் காட்டறோம். அண்ணி, நீங்க ஒரு தடவ பாத்துட்டீங்கல்ல? நீங்க சரின்னா எனக்குச் சரி.”

இப்படி ஒரு வார்த்தைக்காகத்தான் அவள் மூன்று வாரமாக ஏங்கிக் கிடந்தாள். அது வந்தது, வரக்கூடாத நேரத்தில்.

“பாத்தேன் சார். நல்லா இருக்கு.”

அண்ணிக்கு ஒரு வழக்கம் உண்டு. காலையில் வேலைக்குக் கிளம்புமுன் கண்ணை மூடி ஒரு நிமிடம் நிற்பாள். கணவருக்கு, சிட்டுவுக்கு, பேர் தெரியாத அந்தக் கட்டில்காரர்களுக்கு எல்லாம் நல்லது கேட்பாள். வியாழக்கிழமை காலையும் நின்றாள். வாயில் வழக்கமான வார்த்தைகள் வந்தன. மனத்தில் வேறு ஒன்று வந்தது: இன்றைக்கு எல்லார் எதிரிலும் அது நின்றுபோக வேண்டும். கேட்டு முடித்த பிறகுதான், தான் கேட்டது என்ன என்று அவளுக்கே உறைத்தது. ஒரு கட்டிலில் யாரோ அழுத்தும் மணி அடிக்கக்கூடாது என்று கடவுளிடம் கேட்டிருக்கிறாள். சட்டென்று கண்ணைத் திறந்து செருப்பை மாட்டிக்கொண்டாள். கடவுள் அவசரப்படாதவர், எல்லாருக்கும்போல அவளுக்கும் மனம் மாற ஒரு நாள் முழுதாக மிச்சம் வைத்திருந்தார்.

இல்லத்தின் தலைமை நர்ஸ் வற்றலான உடம்பும் உரத்த குரலும் கொண்டவர். ஐந்து லேப்டாப்களில் புதிய புரோகிராமைப் போட்டு, சிட்டு கேபிளைப் பிடுங்கிக் காட்டினாள். நர்ஸ் தானே ஒரு முறை பிடுங்கிப் பார்த்தார். இன்னொரு முறை பார்த்தார். பிறகு சிட்டுவின் முதுகில் ஒரு தட்டுத் தட்டினார்.

“பலே! இத்தன வருஷமா இது எங்க போச்சு?”

முதலாளி பெருமையோடு தொண்டையைச் செருமினார். அண்ணி சுவரில் இருந்த தீயணைப்புக் கருவியின் சீட்டைப் படித்துக்கொண்டிருந்தாள்.

“சரி, வாங்க, பின்பக்க வார்டையும் காட்டறேன்” என்ற நர்ஸ், கேபிளைப் பிடுங்கினார், லேப்டாப்பை மூடினார், அக்குளில் இடுக்கிக்கொண்டார். பின்பக்க வார்டுக்கு ஒரு சாய்தளம் ஏற வேண்டும். வண்டி ஆடி லேப்டாப் விழுந்துவிடும் என்பதால் அங்கே எல்லா நர்ஸும் அப்படித்தான் செய்வார்கள். முதலில் பிடுங்கினாரா, முதலில் மூடினாரா என்று அண்ணி கவனமாகப் பார்த்தாள். இரண்டும் ஒரே வீச்சில் நடந்தன. இயந்திரத்துக்குச் சேதி சொல்ல நேரம் இருந்திருக்காது. அதுவும் மூன்றாம் வகை லேப்டாப். அவளுக்கு நெஞ்சு படபடத்தது. பயமா சந்தோஷமா என்று பிரித்துப் பார்க்க அவள் துணியவில்லை.

பின்பக்க வார்டில் நர்ஸ் லேப்டாப்பைத் திறந்து வண்டியில் வைத்தார். பச்சை. “பாத்தீங்களா, தொட்டதும் தயார்” என்று சொல்லி, முதலாளியையும் சிட்டுவையும் கூட்டிக்கொண்டு வண்டியோடு அடுத்த அறைக்குப் போனார். அண்ணி மட்டும் பின்தங்கி நின்றாள். அடுத்து நடக்கப்போவதைப் பார்க்க ஆசையாகவும் இருந்தது, கால் வரவும் இல்லை.

“உக்காருங்களேன். நிக்கறதப் பாத்தா எனக்குக் கால் வலிக்குது” என்றது ஒரு குரல்.

ஜன்னலோரக் கட்டிலில் ஓர் அம்மாள். இடுப்புக்குக் கீழே அசைவில்லை. கண் மட்டும் துறுதுறுவென்று இருந்தது. கையில் மணிப் பொத்தான். அண்ணி முக்காலியில் உட்கார்ந்தாள். அந்த அம்மாள் பேசிக்கொண்டே அடிக்கடி பக்கத்துக் கட்டிலைத் திரும்பிப் பார்த்தார். பேச்சை நிறுத்துவார், திரும்புவார், பார்ப்பார், மறுபடி பேசுவார். பக்கத்துக் கட்டிலில் இன்னொரு வயதான பெண் தலையணைகளுக்கு நடுவே சாய்ந்து உட்கார்ந்திருந்தார்.

“அவங்களுக்கு வாதம் வந்ததிலேர்ந்து பேச்சு இல்ல, கையும் இல்ல. பொத்தானக் குடுத்தா அழுத்த முடியாது. கூப்பிட முடியாதவங்கள நாமதானே பாத்துக்கிட்டே இருக்கணும்? தண்ணி வேணும்னா உதட்ட நக்குவாங்க. போர்வை வேணும்னா தோள் நடுங்கும். நான் பாத்து இதை அழுத்திடுவேன்” என்றார் ஜன்னல் கட்டில் அம்மாள்.

“நாள் பூராவா?”

“எனக்குப் பழக்கம்மா. முப்பது வருஷம் ஸ்கூல் வேன் ஓட்டினவ. ரோட்ட ஒரு பார்வை, கண்ணாடியில பின்னாடி பிள்ளைங்கள ஒரு பார்வை. எதுவும் நடக்காது, இருந்தாலும் பாக்கணும்.”

இவரும்தான் நொடிக்கொரு தரம் திரும்பிப் பார்க்கிறார். தானும்தான் மூன்று வாரமாகத் தலையைத் தூக்கித் தூக்கிப் பார்த்தாள். இரண்டு பார்வைக்கும் நடுவே எவ்வளவு தூரம் என்று யாரும் அண்ணிக்குச் சொல்லவில்லை. அதுவாகவே உள்ளே போய்க் குத்தியது.

அந்த நேரத்தில்தான் பக்கத்துக் கட்டில் அம்மாளின் தலையணை ஒன்று நழுவியது. அவர் மெல்ல, மிக மெல்ல, கட்டில் விளிம்பை நோக்கிச் சரிய ஆரம்பித்தார். முகத்தில் பயம் இல்லை. பயத்தைக் காட்டக்கூட அந்த முகத்தால் முடியவில்லை.

“ஐயோ, பிடிங்க!” ஜன்னல் கட்டில் அம்மாள் பொத்தானை அழுத்தினார். தலைக்கு மேல் சின்ன விளக்கு எரிந்தது. அண்ணி பாய்ந்து போய்ச் சரிந்தவரின் தோளைத் தாங்கிப் பிடித்தாள். எதிர்பார்த்ததைவிடக் கனம். தூக்கவும் முடியவில்லை, விடவும் முடியவில்லை.

“கவலப்படாதீங்க, உடனே வந்துடுவாங்க. புதுசு போட்டிருக்காங்களாம். கையெடுக்கறதுக்குள்ள மணி அடிக்குமாம்” என்றார் அந்த அம்மாள், மறுபடி அழுத்திக்கொண்டே.

அடுத்த அறையில் மணி அடிக்கவில்லை. தலைமை நர்ஸ் ஏதோ சொல்ல, முதலாளி சிரிப்பது கேட்டது. அந்த அம்மாள் மூன்றாவது முறை அழுத்தினார், அதே நம்பிக்கையோடு. அண்ணியின் கையில் இருந்த உடம்பு இன்னும் ஒரு விரற்கடை நழுவியது.

“சிட்டூ!” என்று கத்தினாள் அண்ணி. “சிட்டு, நர்ஸக் கூட்டிட்டு ஓடி வா!”

எல்லாரும் ஓடி வந்தார்கள். நர்ஸ் ஒரே தூக்கில் அந்த அம்மாளை நேராக உட்காரவைத்து, இரண்டு பக்கமும் தலையணையை அடைத்து, முகத்தைத் துடைத்துவிட்டார். பிறகு தலைக்கு மேல் எரியும் விளக்கைப் பார்த்தார். வண்டியில் இருந்த லேப்டாப்பைப் பார்த்தார். பச்சைப் புள்ளி அமைதியாக எரிந்துகொண்டிருந்தது.

“மணி வரலையே?” என்றார்.

எல்லாரும் சிட்டுவைப் பார்த்தார்கள். சிட்டு லேப்டாப்பைத் தட்டினாள். அவள் முகத்தில் இருந்த ரத்தமெல்லாம் வடிந்துபோயிருந்தது. அண்ணி மூன்று வாரம் காத்திருந்த காட்சி இதுதான். கேட்டபடியே, ஒரு குறையும் இல்லாமல், எல்லார் எதிரிலும் நடந்தது. அவள் சும்மா நின்றால் போதும்.

“அது சிட்டுவோட தப்பு இல்ல” என்றாள் அண்ணி. “மூடி வச்சு எடுத்தா இந்த வகை மெஷின் சேதி சொல்லாது. எனக்கு எட்டு வருஷமாத் தெரியும். அவ ஆரம்பத்துலயே என்கிட்ட வந்து கேட்டா. நான் சொல்லல.”

“நீங்க பாத்தேன், நல்லா இருக்குன்னு சொன்னீங்களே அண்ணி?” என்றார் முதலாளி.

“பொய் சொன்னேன் சார். செவ்வாய்க்கிழமையே பாத்துட்டேன்.”

ஜன்னல் கட்டில் அம்மாள் ஒரு தடவை பக்கத்துக் கட்டிலைத் திரும்பிப் பார்த்துக்கொண்டார்.

“தெரிஞ்சே சும்மா இருந்தீங்களா?” என்றாள் சிட்டு. குரல் மிகவும் தாழ்ந்திருந்தது. “நான் விழணும்னா?”

“ஆமா.”

தலைமை நர்ஸ் இடுப்பில் கைவைத்தார். “உங்க குடும்பக் கதைய வாசலுக்கு வெளியில வச்சுக்கங்க. இன்னிக்கு என் வார்டுல எது ஓடப்போகுது? அதச் சொல்லுங்க.”

“பழசு ஓடட்டும்” என்றாள் அண்ணி. ஐந்து லேப்டாப்களிலும் அவளே உட்கார்ந்து தன் பழைய புரோகிராமைத் திரும்பப் போட்டாள். ஒவ்வொன்றும் ஐந்து வினாடிக்கு ஒரு முறை கேட்க ஆரம்பித்தது. ஜெயித்துவிட்டாள். வாயில் உப்பு இல்லாத கஞ்சியைப் போல ஒரு சுவை இருந்தது. கிளம்பும்போது ஜன்னல் கட்டில் அம்மாளிடம் போய், “மன்னிச்சுக்கங்கம்மா” என்றாள். அவருக்குக் காரணம் முழுதாக விளங்கவில்லை. “நீங்கதானே பிடிச்சீங்க” என்று அவள் கையைத் தட்டிக்கொடுத்தார்.

திரும்பி வரும் வழியில் சிட்டு ஜன்னல் பக்கமே திரும்பி உட்கார்ந்திருந்தாள். முதலாளி வண்டி ஓட்டிக்கொண்டே இரண்டு முறை வானிலையைப் பற்றிப் பேச முயன்று, கைவிட்டார். அண்ணியை இறக்கிவிடும்போது மட்டும், “திங்கட்கிழமை பேசலாம். கோவமாத்தான் இருக்கேன். ஆனா நீங்க அங்க சொல்லாம இருந்திருந்தா, யாருக்கும் தெரிஞ்சிருக்காது. அதையும் நெனச்சுப் பாக்கறேன்” என்றார்.

வெயில் சாய்ந்த நேரம். கணவர் பல் அச்சுகளைக் கொடுத்துவிட்டு வர வெளியே போயிருந்தார். சிட்டு நேராக மேலே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அண்ணி அடுப்பைப் பற்றவைத்தாள், அணைத்தாள், துடைத்த மேஜையையே மறுபடி துடைத்தாள். மேலே போய்க் கதவைத் தட்டலாமா என்று படியில் கால் வைத்தாள். என்ன சொல்வது? மன்னிப்புக் கேட்கலாம். மன்னிப்புக் கேட்பது இப்போது தனக்குத்தான் ஆறுதல். சிட்டுவுக்கு அதனால் என்ன? அண்ணி கீழேயே நின்றாள்.

அரை மணி கழித்துக் கதவு திறந்தது. சிட்டு லேப்டாப்போடு இறங்கி வந்து, அண்ணனின் வேலை மேஜையில் பற்களை ஓரமாக ஒதுக்கிவிட்டு உட்கார்ந்தாள். கண் சிவந்திருந்தது.

“இன்னும் கோவமாத்தான் இருக்கேன்” என்றாள், திரும்பிப் பார்க்காமலே.

“இரு” என்றாள் அண்ணி.

“என்னால இப்போ உங்ககூடச் சிரிச்சுப் பேச முடியாது.”

“வேண்டாம்.”

“ஆனா அடுத்த வாரம் அந்த இல்லத்துல சரியா ஓடணும். அந்த அம்மா மூணு தடவ அழுத்தினாங்க.” சிட்டு மூக்கை உறிஞ்சினாள். “சேதி வந்தா எடுத்துக்கறது. கூடவே முப்பது வினாடிக்கு ஒரு தடவ நாமளும் கேட்டுக்கறது. போதுமா?”

“போதாது. முப்பது வினாடி ரொம்ப நேரம். தூங்கி எழுந்ததும் ஒரு தடவ கேளு. அப்புறம் பத்து வினாடிக்கு ஒரு தடவ. சூடாகாது, நான் பாத்திருக்கேன்.”

சிட்டு தட்டச்சு செய்தாள். “வேற? எட்டு வருஷத்துல வேற என்னெல்லாம் பாத்தீங்க? எல்லாத்தையும் சொல்லுங்க. ஒண்ணு விடாம.”

அண்ணி இன்னொரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். ஒவ்வொன்றாகச் சொன்னாள். முதல் வகை இயந்திரம் பட்டியலை ஒவ்வொரு முறையும் வேறு வரிசையில் தரும். வரிசைப்படுத்தாமல் ஒப்பிட்டால், ஒன்றுமே மாறாதபோதும் மாறிவிட்டது என்று நாள் முழுக்கத் துள்ளிக்கொண்டிருக்கும். இரண்டாம் வகையில் கேபிளின் பேர் அப்படியே இருக்கும், முகவரி மட்டும் மாறும். பேரை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவோம். இவற்றையெல்லாம் அவள் இதுவரை யாரிடமும் வாய்விட்டுச் சொன்னதில்லை. ஒவ்வொன்றும் வெளியே வரும்போது, உள்ளே ஒரு சின்னக் கை அதைப் பிடித்திழுத்தது. கொடுத்துவிட்டால் இனி உனக்கென்று என்ன இருக்கும் என்றது. இழுக்க இழுக்கக் கொடுத்தாள். இவள் இதையெல்லாம் வைத்து இன்னும் பெரிய கைதட்டல் வாங்குவாள் என்று நினைத்தபோது, பழைய கங்கு ஒரு தடவை சிவந்தது. சிவக்கட்டும் என்று விட்டுவிட்டு அடுத்ததைச் சொன்னாள்.

“அவ்வளவுதானா?” என்றாள் சிட்டு.

இன்னும் ஒன்று இருந்தது. அது எந்த இயந்திரத்தின் குறையும் அல்ல.

“இன்னொண்ணு இருக்கு. ரெண்டு தடவ கேக்கறதுக்கு நடுவுல கேபிளப் பிடுங்கி உடனே செருகிட்டா, பட்டியல் பழையபடியே இருக்கும். என் புரோகிராம் எதுவுமே மாறலன்னு நெனச்சுக்கும். ஆனா தொடர்பு செத்துக் கிடக்கும். அப்பப்ப மணி வர்றதில்லன்னு நர்ஸுங்க சொல்றாங்களே, அதுல பாதி இதுதான். உன்னுதுல அது நடக்காது, அதுக்கு உடனே சேதி வந்துடும். என்னுதுலதான் நடக்கும். ரெண்டு வருஷத்துக்கு முன்னாடியே கண்டுபிடிச்சேன். யார்கிட்டயும் சொல்லல. எல்லாரும் கேபிள்தான் லூஸுன்னு நெனச்சாங்க. நானும் அப்படியே விட்டுட்டேன்.”

சிட்டு முதல் தடவையாகத் திரும்பி அவள் முகத்தைப் பார்த்தாள். “அப்போ ரெண்டு வருஷமா, பாவம், அந்த நர்ஸுங்க...”

“கேபிளா மாத்தி மாத்திப் போட்டுக்கிட்டு இருந்தாங்க.”

“எத்தன கேபிள்?”

“ஒரு பெட்டி நிறைய.”

சிட்டுவின் உதட்டோரம் துடித்தது. சிரிக்கக்கூடாது என்று பிடிவாதமாக இறுக்கிப் பார்த்தாள். மேஜை ஓரத்தில் ஒதுக்கி வைத்த பற்களெல்லாம் அவளைப் பார்த்து இளித்துக்கொண்டிருந்தன. அடக்க முடியாமல் ஒரு சிரிப்பு மூக்கு வழியாக வெடித்து, உடனே அழுகையாக மாறி, மறுபடி சிரிப்பாயிற்று. அண்ணி தன் முந்தானையை எடுத்து நீட்டினாள். சிட்டு ஒரு கணம் யோசித்துவிட்டு, வாங்கி மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

“திங்கட்கிழமை சார்கிட்ட நானே சொல்லிடறேன், என்னுதுலயும் தப்பு இருக்குன்னு” என்றாள் அண்ணி.

“சொல்லுங்க. நான் பக்கத்துல நிக்கறேன்” என்றாள் சிட்டு. “ஆனா இதுக்காக உங்கள மன்னிச்சுட்டேன்னு நெனச்சுக்காதீங்க.”

“நெனக்கல.”

“சரி, பட்டியல வரிசைப்படுத்தறத எங்க வச்சீங்க? காட்டுங்க.”

அண்ணி திரைக்குப் பக்கத்தில் குனிந்து, விரலால் அந்த வரியைத் தொட்டுக் காட்டினாள்.